ஜெபர்சனா, ஹாமில்டனா: யாரை முதலில் படிப்பது?

அமெரிக்கப் புரட்சிக் காலத்தை ஒருவரின் வாழ்க்கை வழியாக அறிய விரும்புவோர் பலர், அந்நாட்டை நிறுவிய தலைவர்களான தாமஸ் ஜெபர்சன், அலெக்சாண்டர் ஹாமில்டன் ஆகிய இருவரிடையே தயங்குகின்றனர்.

எழுத்து: 1776ஆம் ஆண்டு விடுதலைப் பிரகடனத்தின் வரைவு ஜெபர்சனுடையது, அரசியலமைப்பை ஆதரித்து வெளிவந்த 85 கட்டுரைகளில் பெரும்பகுதி ஹாமில்டனுடையது.

ஆட்சி: மூன்றாம் குடியரசுத் தலைவரான ஜெபர்சன் 1803இல் லூசியானா என்ற பெரும் நிலப்பரப்பை வாங்கி, நாட்டின் பரப்பை ஏறத்தாழ இருமடங்காக்கினார். முதல் கருவூலச் செயலரான ஹாமில்டனோ, மாநிலங்களின் போர்க்கடனை மைய அரசே ஏற்கச் செய்து, 1791இல் தேசிய வங்கி அமையவும் வழிவகுத்தார். என் கணிப்பில் அவர் தடமே ஆழமானது.

முரண்: மனிதர் யாவரும் சமம் என்றெழுதிய ஜெபர்சன், தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தார். ஹாமில்டன் அடிமை விடுவிப்புச் சங்கத்தில் இருந்தவர். அவர் மனைவியின் குடும்பமோ அடிமைகளை வைத்திருந்தது.

உரிமைச் சிந்தனையையும் அதன் முரண்களையும் ஆராய்வோருக்கு ஜெபர்சனும், அரசு நிதி எவ்வாறு உருவானது என்று அறிய விரும்புவோருக்கு ஹாமில்டனும் பொருந்துவர்.