ஐசியு வாசலில் நிறுத்தப்பட்ட பைஸ்டாண்டர்

மார்த்தாண்டத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்த பெரியம்மைக்கு வயது எண்பதுக்கு மேல். மறதி நோயும் உண்டு. தொடை எலும்பின் கழுத்து முறிந்திருந்தது. களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாளே இடுப்பு மூட்டின் பந்தை மாற்றிவிட்டார்கள். சேர்ந்த அன்றோ மறுநாளோ அறுவை செய்துவிட வேண்டும் என்பதுதான் இங்கிலாந்தில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2011-இல் வெளியிட்ட வழிகாட்டலும். லண்டனிலிருந்து வந்து பார்க்கிற கண்ணுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

அன்று ராத்திரிதான் மனசு வெந்துபோனது. பெரியம்மையை ஐசியுவுக்குள் கொண்டுபோய், பைஸ்டாண்டராக, அதாவது கூட நிற்கும் ஆளாக வந்த மகளை வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். கண்ணாடியும் காது மெஷினும் மகளின் பையிலேயே கிடந்தன. நடு ராத்திரியில் மூத்திரக் குழாயைப் பிடித்து இழுத்து, கட்டிலைவிட்டு இறங்கப் பார்த்திருக்கிறார். இரண்டு கையையும் கட்டி, தூக்க ஊசி போட்டிருக்கிறார்கள். விடிந்தபோது பெற்ற மகளையே தெரியவில்லை. வயசானால் இப்படித்தான் என்று பதில் வந்தது.

வயசில்லை, டெலிரியம் என்ற திடீர் மனக்குழப்பம். மறதி நோய் மாதக்கணக்கில் மெல்லக் கூடும். டெலிரியம் சில மணி நேரத்தில் வந்து, ஏறியும் இறங்கியும் நிற்கும். வலி, மலச்சிக்கல், நீர் வற்றுவது, சோடியமோ ஆக்சிஜனோ குறைவது, தொற்று என்று தேடினால் பெரும்பாலும் காரணம் அகப்படும். லோராசிபாம், மிடாசோலம், பெனர்கன் போன்ற தூக்க மருந்துகள் குழப்பத்தைக் கூட்டக்கூடியவை. கையைக் கட்டினால் மிரட்சி இன்னும் ஏறும்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது வலியைத்தான். மறதி நோயாளிகள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஆகவே கேட்டால் மட்டும் மருந்து என்ற முறை உதவாது. பாராசிட்டமால் வேளை தவறாமல் போக வேண்டும், எடை ஐம்பது கிலோவுக்குக் கீழே என்றால் அளவைக் குறைத்து. இடுப்பை மரக்கச் செய்யும் ஃபேசியா இலியாக்கா பிளாக் என்ற ஊசியை அறுவைக்கு முன்பே கொடுக்கலாம். சொல்ல முடியாதவர்களின் வலியைப் பார்த்தே அளக்கும் பெயினாட் அளவுகோலில் மூச்சு, முனகல், முகம், உடல் இறுக்கம், தேற்றினால் அடங்குகிறாரா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண்; மொத்தம் 10. கூட இருக்கிற மகளே இதைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

இங்கிலாந்தில் மறதி நோயாளியோடு வீட்டார் தங்கும் உரிமைக்காக 2014-இல் ஜான்ஸ் கேம்பைன் என்று இயக்கமே தொடங்க வேண்டியிருந்தது. நம் பக்கத்தில் 'கூட நிக்க ஆளுண்டா?' என்றுதான் முதல் கேள்வியே. அவ்வளவு நல்ல வழக்கத்தை, மிகவும் வேண்டிய ராத்திரியில் கதவுக்கு வெளியே நிறுத்தினால் எப்படிப் பொறுப்பது?

ஐசியுவில் ஒருவரை இருக்க விடுவார்களா என்று அறுவைக்கு முன்பே டாக்டரிடம் பேசி முடிவு செய்யுங்கள். மறதி நோய்க்கு டோனெபெசில் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் மயக்க டாக்டருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். அது இதயத் துடிப்பைக் குறைக்கும், சில தசை தளர்த்தும் மருந்துகளோடும் மோதும். மூத்திரக் குழாயை எவ்வளவு சீக்கிரம் எடுக்க முடியுமோ அவ்வளவு நல்லது. அறுவையில் இடுப்பைப் பின்பக்கமாகத் திறந்தார்களா என்றும் கேளுங்கள். அப்படியென்றால் இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கினால் பந்து நழுவலாம், அந்த எச்சரிக்கையோ இவர்கள் நினைவில் நிற்காது. வீட்டில் தாழ்ந்த நாற்காலியையும் கயிற்றுக் கட்டிலையும் அவர் வருமுன் அகற்றிவிட்டு, கமோடுக்கு மேல் உயரம் கூட்டும் இருக்கை பொருத்திவிடுங்கள்.