சின்ன பெட்ரோல் காருக்கு எந்த ஆயில்? வடசென்னை ஓட்டத்தை வைத்து ஓர் ஒப்பீடு

திருவொற்றியூரில் எங்கள் தெருவில் மட்டும் ஒன்பது சின்ன பெட்ரோல் கார்கள் நிற்கின்றன. ஆல்டோ, வேகன்ஆர், சான்ட்ரோ, ஐ10, க்விட். ஆயில் மாற்றும் நேரம் வந்தால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். மெக்கானிக், "நம்ம ஊரு வெயிலுக்குக் கெட்டியா ஊத்துங்கண்ணா, அப்பதான் எஞ்சின் தாங்கும்" என்பார். கடைக்காரர் இருப்பதிலேயே விலை கூடிய டப்பாவை எடுத்து முன்னால் வைப்பார். மணலிக்கும் துறைமுகத்துக்கும் நடுவே டிரெய்லர் ஓட்டும் என் மாமாவோ, "எதுக்கு மாப்ள காசு? என்கிட்ட பக்கெட்டே இருக்கு, மூணு லிட்டர் எடுத்துக்கோ" என்பார்.

என் கார் 2014 மாடல். ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின். ஓடியது 78,000 கிலோமீட்டர். கையேட்டில் 5டபிள்யூ-30 என்று இருக்கிறது. எனக்கு முன்னால் இருந்த தேர்வுகள் நான்கு: மெக்கானிக் சொன்ன 20டபிள்யூ-50 மினரல், மாமாவின் 15டபிள்யூ-40 டீசல் ஆயில், கையேட்டின் 5டபிள்யூ-30, மைலேஜ் கூடும் என்று நண்பர் சொன்ன 0டபிள்யூ-20. இதில் இரண்டை ஊற்றி ஓட்டியிருக்கிறேன், மற்ற இரண்டை ஏன் தொடவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது.

முதலில் அந்த எண்கள். டபிள்யூ என்றால் குளிர்காலம். அதற்கு முன்னால் உள்ள எண், குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைச் சொல்கிறது. எண் சிறியதானால் சுலபமாக ஓடும். பின்னால் உள்ள எண், எஞ்சின் சூடான பிறகு, அதாவது 100 டிகிரியில், எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது. "சென்னையில் ஏது பனி, முதல் எண்ணால் நமக்கு என்ன?" என்று பலரும் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆயிலின் பிசுக்கை, அதாவது கெட்டித்தன்மையை, அளக்கும்போது 40 டிகிரியில் ஒரு தடவை, 100 டிகிரியில் ஒரு தடவை அளப்பார்கள். 40 டிகிரி என்பது நமக்கு அக்னி நட்சத்திர மதியம். அந்தச் சூட்டிலேயே ஒரு சாதாரண 20டபிள்யூ-50 ஆயிலின் பிசுக்கு அளவு 160-ஐ ஒட்டி இருக்கும். 5டபிள்யூ-30-க்கு 60 முதல் 65 வரை. 100 டிகிரியில் முன்னது 18 அளவுக்கு இறங்கும், பின்னது 10 அல்லது 11. சூடான எஞ்சினில் இரண்டுக்கும் உள்ள இடைவெளி பெரிதல்ல. காலையில் சாவி போடும் நேரத்தில்தான் ஒன்று இன்னொன்றைவிட இரண்டரை மடங்கு கெட்டியாகக் கிடக்கிறது. மார்கழி விடியலில் இந்த வித்தியாசம் இன்னும் கூடும். பனி கொட்டாத ஊரிலும் முதல் எண்ணுக்கு வேலை இருக்கிறது.

வெயிலுக்குக் கெட்டி ஆயில் என்ற வாதத்துக்கும் பதில் எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது. தெர்மோஸ்டாட் என்ற சின்ன வால்வு, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் 80, 90 டிகிரியை ஒட்டி நிற்கும்படி பார்த்துக்கொள்கிறது. வெளியே 28 டிகிரியானாலும் 41 ஆனாலும், ரேடியேட்டரும் ஃபேனும் ஒழுங்காக இருந்தால் எஞ்சினுக்குள் சூடு பெரிதாக மாறாது. மே மாதத்தில் டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது என்றால் பார்க்க வேண்டியது கூலன்ட் அளவை, ஃபேனை, ரேடியேட்டரில் அடைந்த தூசியை. ஆயிலைக் கெட்டியாக்கி அதைச் சரிசெய்ய முடியாது.

20டபிள்யூ-50-ஐ ஒரு வருடம் ஊற்றிப் பார்த்தேன். காலை ஆறரைக்கு ஸ்டார்ட் செய்தால் மேலே வால்வுப் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று நொடி டகடகவென்று சத்தம் வரும். ஆயில் மேலே ஏறிச் சேர்ந்ததும் அடங்கிவிடும். சிக்னலில் முதல் கியரில் எடுக்கும்போது வண்டி எதையோ இழுத்துக்கொண்டு வருவதுபோல் இருக்கும். அடுத்த முறை 5டபிள்யூ-30 ஊற்றிய மறுநாள் காலை, சாவியைத் திருப்பியதும் ஆயில் விளக்கு பளிச்சென்று அணைந்தது, அந்தச் சத்தமும் இல்லை. பானெட்டைத் திறந்து வைத்து காதைக் கொடுத்துக் கேட்டேன். எஞ்சின் தேய்மானத்தில் நல்ல பங்கு ஸ்டார்ட் செய்து சூடாகும் வரையிலான நேரத்தில்தான் நடக்கிறது என்பது அன்றைக்குக் காதாலேயே புரிந்தது.

ஆனால் மெக்கானிக்கைக் குறை சொல்ல மாட்டேன். அவர் தொழில் பழகிய காலத்து வண்டிகள் அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் பழைய மாருதி 800-ம். அவற்றுக்குக் கெட்டி ஆயில்தான் பொருந்தும். இன்றைக்கும் தேய்ந்துபோய், நீலப் புகை விட்டு, ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் ஆயில் குடிக்கும் எஞ்சினுக்கு, வேலை பார்க்கும் வரை கெட்டி ஆயில் கொஞ்ச நாள் கைகொடுக்கும். நல்ல நிலையில் உள்ள எஞ்சினுக்கு அந்த மருந்து தேவையில்லை.

மாமாவின் பக்கெட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மணலி, எண்ணூர், கொருக்குப்பேட்டைப் பக்கம் லாரித் தொழில் இல்லாத குடும்பம் குறைவு, எல்லார் வீட்டிலும் இந்தப் பக்கெட் இருக்கும். அதில் சிஐ-4 என்று போட்டிருக்கிறது. சி என்று தொடங்கினால் டீசல் எஞ்சினுக்கான தரம். எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல் எஞ்சினுக்கானது. டீசலில் கரி அதிகம் சேரும் என்பதால் அந்த ஆயிலில் கழுவும் மருந்து கூடுதலாகக் கலந்திருப்பார்கள். துத்தநாகமும் பாஸ்பரஸும் பொதுவாக அதிகம். லாரிக்கு அது நல்லதுதான். பெட்ரோல் காரின் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தப்படுத்த இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு அந்தப் பாஸ்பரஸ் ஆகாது. ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து வெளியேறும்போது அது உள்ளே படிந்து கன்வெர்ட்டரைச் செயலிழக்க வைக்கும். புதுசு மாற்றுவதென்றால் பல வருட ஆயில் செலவு ஒரே நாளில் போய்விடும். சில பக்கெட்டுகளில் சிஐ-4-ஓடு எஸ்எல் என்றும் சேர்த்துப் போட்டிருக்கும். வழியில் ஆயில் குறைந்து வேறு எதுவும் கிடைக்காத நேரத்தில் அதைக் கால் லிட்டர் ஊற்றி வீடு வந்து சேரலாம். வழக்கமாக ஊற்றக் கூடாது. மாமாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப லாரிக்கு மட்டும் ஊத்திக்கிறேன்" என்று மூடியை இறுக்கி வைத்தார்.

0டபிள்யூ-20-ம் 5டபிள்யூ-30-ம் நேருக்கு நேர் நின்றால் தீர்ப்பு காரைப் பொறுத்தது. கொதிசூட்டில், வேகமாகச் சுழலும் பேரிங்கில் ஆயில் எவ்வளவு தாங்கும் என்று ஓர் அளவுகோல் உண்டு. பின் எண் 20 உள்ள ஆயிலுக்குக் குறைந்தபட்சம் 2.6, 30 உள்ளதற்கு 2.9. சிறிய எண்தான், ஆனால் தேரடியில் அரை மணி நேரம் கன்டெய்னர் வரிசைக்குப் பின்னால் ஏசி போட்டு ஊர்ந்துகொண்டிருக்கும்போது எஞ்சின் சூடாகவும் சுழற்சி குறைவாகவும் இருக்கும். பேரிங்கில் ஆயில் படலம் மெலிவது இந்த நேரத்தில்தான். 30-க்கென்று வடிவமைத்த என் எஞ்சினுக்கு அந்தத் தாங்கும் சக்தியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உங்கள் கார் புதியது, கையேட்டிலேயே 0டபிள்யூ-20 அல்லது 0டபிள்யூ-16 என்று இருக்கிறது என்றால் அதையே ஊற்றுங்கள். அதன் ஆயில் பம்பும் இடைவெளிகளும் அந்த மெல்லிய ஆயிலை வைத்தே செய்யப்பட்டவை, வாரண்டியும் அதில்தான் நிற்கிறது. "ரொம்பத் தண்ணியா இருக்கே" என்ற பயம் வேண்டாம்.

ஆக என் காருக்கு 5டபிள்யூ-30. அடுத்த கேள்வி செமி சிந்தெடிக்கா, ஃபுல் சிந்தெடிக்கா?

எஞ்சின் ஆயிலில் பெரும்பங்கு பேஸ் ஆயில். மிச்சம் சேர்க்கைப் பொருட்கள். அந்தப் பேஸ் ஆயில் நமக்கு அந்நியமான சரக்கல்ல. 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் தொடங்கி, 1969-ல் ஓடத் தொடங்கிய மணலி சுத்திகரிப்பு ஆலை, இன்றைய சிபிசிஎல், பெட்ரோல் டீசலோடு லூப் பேஸ் ஆயிலும் மெழுகும் எடுக்கிறது. கச்சா எண்ணெயின் கனத்த பகுதியிலிருந்து மெழுகை நீக்கி எடுப்பது மினரல். அதையே ஹைட்ரஜனோடு கடும் அழுத்தத்தில் வைத்து மூலக்கூறுகளை உடைத்துச் சீராக்கினால் குரூப் 3 எனப்படும் மூன்றாம் வகை பேஸ் ஆயில். ஒரு காலத்தில் ரசாயன முறையில் புதிதாக உருவாக்கியதை மட்டுமே சிந்தெடிக் என்றார்கள். 1999-ல் அமெரிக்காவில் மொபில், காஸ்ட்ரால் நிறுவனங்களுக்கு இடையே வந்த விளம்பரத் தகராறில், மூன்றாம் வகையையும் சிந்தெடிக் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவானது. கடையில் ஃபுல் சிந்தெடிக் என்று வாங்குவது பெரும்பாலும் இந்த மூன்றாம் வகைதான். நல்ல ஆயில், சூட்டில் சீக்கிரம் கெடாது, சேறு கட்டுவதும் குறைவு. மினரலோடு ஒப்பிட்டால் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. செமி இரண்டும் கலந்தது, நடுவில் நிற்கிறது.

இங்கேதான் வடசென்னை ஓட்டம் கணக்கை மாற்றுகிறது. திருவொற்றியூரிலிருந்து பாரிமுனை பத்து கிலோமீட்டருக்குள்தான். காலை நேரத்தில் டோல்கேட், தண்டையார்பேட்டை, ராயபுரம் என்று தாண்டிப் போவதற்குள் முக்கால் மணி நேரம் ஓடிவிடும். சராசரி மணிக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்தால், 5,000 கிலோமீட்டருக்கு எஞ்சின் 333 மணி நேரம் ஓடியிருக்கிறது. அதே 333 மணி நேரம் ஜிஎன்டி நெடுஞ்சாலையில் 60-ல் போயிருந்தால் 20,000 கிலோமீட்டர். மீட்டர் காட்டுவது கால்பங்குதான், ஆயிலின் வயதோ முழுசாக ஏறியிருக்கிறது.

குட்டி ஓட்டம் இதைவிட மோசம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும்; கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டி ஆயிலுக்குள் இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடாகி அரை மணி நேரம் ஓடினால் அது ஆவியாகிப் போகும். பிள்ளையைப் பள்ளியில் விட்டு இரண்டு கிலோமீட்டரில் திரும்பும் வண்டியில் அது போகாது, எரியாத பெட்ரோலும் கூடவே சேரும். எதிர்வீட்டு அக்காவின் காரில் ஆயில் மூடியைத் திறந்தபோது அடியில் தயிர் ஏடுபோல் வெளிறிய பசை ஒட்டியிருந்தது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் பெட்ரோல் வாடை, ஆயில் அளவும் மேல் கோட்டைத் தாண்டி நின்றது. "ஒரு வருஷத்துல 2,800 கிலோமீட்டர்தான் ஓடிருக்கு தம்பி, இப்பவே மாத்தணுமா?" என்று கேட்டார். மாற்ற வேண்டும் அக்கா, அவ்வளவு குறைவாக ஓடியதால்தான் சீக்கிரம் மாற்ற வேண்டும் என்றேன். கூலன்ட் குறைகிறதா என்றும் பார்த்துவிட்டோம், குறையவில்லை. குறைந்திருந்தால் அந்தப் பசைக்கு ஹெட் கேஸ்கெட் காரணமாக இருக்கலாம், அது வேறு வேலை.

பல கையேடுகளில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்பது முதல் அட்டவணை. அடுத்த பக்கத்தில் கடுமையான ஓட்டத்துக்கு என்று தனி அட்டவணை இருக்கும்: குறுகிய தூரம், அடிக்கடி நின்று ஓடுதல், தூசி. மூன்றும் நம்மிடம் இருக்கிறது. ஆகவே நான் ஆறு மாதம் அல்லது 5,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுகிறேன், ஃபில்டரோடு. வருடத்துக்கு ஒருமுறை ஃபுல் சிந்தெடிக் ஊற்றுவதைவிட செமி சிந்தெடிக் 5டபிள்யூ-30-ஐ இருமுறை மாற்றுவதற்குச் செலவு கொஞ்சம் கூடும். ஆனால் தண்ணீரும் பெட்ரோலும் கலந்த ஆயிலை வெளியே எடுக்க வடிப்பதைத் தவிர வழியில்லை. விலை கூடிய ஆயிலிலும் அவை கலக்கத்தான் செய்யும். வாராவாரம் நெல்லூர், திருப்பதி என்று நெடுஞ்சாலையில் ஓடும் காருக்கு என் பதில் தலைகீழ்: ஃபுல் சிந்தெடிக், வருடத்துக்கு ஒருமுறை போதும்.

டப்பாவின் பின்பக்கம் பார்க்க வேண்டியது ஏபிஐ, அதாவது அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பின், தரம். எஸ்என் 2010-ல் வந்தது, எஸ்பி 2020-ல். எஸ்பியில், வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் செயினின் தேய்மானத்துக்கும் சோதனை சேர்த்தார்கள் என்பதால் செயின் உள்ள எஞ்சினுக்கு அதுவே என் தேர்வு. மலிவு டப்பாக்களில் எஸ்எஃப் என்று பார்த்தால் திரும்ப வைத்துவிடுங்கள். 1988-க்குப் பிந்தைய பெரும்பாலான பெட்ரோல் எஞ்சின்களுக்கு அது பொருந்தாது என்று ஏபிஐ அமைப்பே சொல்கிறது. தரமும் எண்ணும் சரியாக இருந்தால் எந்தப் பெரிய நிறுவனம் என்பது எனக்கு இரண்டாம்பட்சம்.

போலியில் ஒருமுறை மாட்டினேன். விலை குறைவாகச் சொன்ன ஒரு கடையில் வாங்கிய டப்பா. மூடியைத் திருகியபோது வளையம் உடையும் சத்தமே வரவில்லை, கழன்று வந்தது. கவனித்தும் ஊற்றிவிட்டேன். இரண்டாவது வாரம் எஞ்சின் சூடானதும் ஸ்லோவில் சத்தம் மாறியது, உடனே வடித்துவிட்டேன். அன்றிலிருந்து பெட்ரோல் பங்க் அல்லது நிறுவனத்தின் சொந்த விற்பனையாளர், பில்லோடு. காலி டப்பாவைக் கத்தியால் கிழித்துத்தான் குப்பையில் போடுகிறேன். முழு டப்பாவாகப் போட்டால் அதில்தான் அடுத்த போலியை அடைப்பார்கள்.

மாற்றும் நாளில் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி வடியுங்கள். டிரெய்ன் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். மூன்று லிட்டரையும் ஒரே மூச்சில் ஊற்றாமல் கால் லிட்டரை நிறுத்தி வைத்து, எஞ்சினை ஓட்டி அணைத்து, ஐந்து நிமிடம் பொறுத்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றால் போதும்.

வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். நம் தெருச் சாக்கடை பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது, கால்வாய் எண்ணூர் முகத்துவாரத்துக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியபோது, மீனவர்கள் படகின் பக்கப்பலகையிலிருந்தும் வலையிலிருந்தும் அந்தக் கருப்பைக் கையால் துடைத்தெடுத்ததைப் பார்த்தவர்கள் நாம். நான் பழைய ஆயிலைப் பழைய தண்ணீர் கேனில் பிடித்து, கழிவு ஆயிலை டிரம்மில் சேர்த்து மறுசுத்திகரிப்புக்குக் கொடுக்கும் பட்டறையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். மெக்கானிக்கிடம் கேளுங்கள், உங்கள் பக்கத்திலும் ஒரு டிரம் இருக்கும்.