பேனல் துளை பொருந்தவில்லையா? அகலப்படுத்தலாமா, அடைக்கலாமா, நட்பிளேட்டை நகர்த்தலாமா?

பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் கிட் விமானத்தில் உலோகத் தகடுகள் பெரும்பாலும் சொன்னபடி சேர்ந்துவிடும். துளைகள் ஆலையிலேயே குத்தப்பட்டு வருகின்றன. கேபினுக்குள் மாட்டும் பக்கவாட்டு பேனல்கள்தான் முரண்டு பிடிக்கும். மூன்று ஸ்க்ரூ ஏறும், நாலாவது துளையில் நட்பிளேட் (ஸ்க்ரூ ஏறுவதற்காகச் சட்டத்தின் பின்னால் ரிவெட் அடித்துப் பொருத்திய நட்) பிறை மாதிரி ஓரமாக எட்டிப் பார்க்கும்.

எந்த வழிக்குப் போவதானாலும், முதலில் எல்லா ஸ்க்ரூவையும் கழற்றி, நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, இறுக்காமல் ஏற்றிப் பாருங்கள். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் சின்னச் சின்னப் பிசகெல்லாம் சேர்ந்து கடைசித் துளையில் வந்து நிற்கும்.

ஏபிஎஸ் பிளாஸ்டிக் பேனல் என்றால் என் ஓட்டு துளையை அகலப்படுத்துவதற்குத்தான். சிலர் இதை அரைகுறை வேலை என்பார்கள். நம் வேலூர் வெயிலில் இதுதான் சரியான வேலை. ஏபிஎஸ் சூட்டில் அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் விரியும். ஒரு மீட்டர் பேனல் 30 டிகிரி கூடுதலாகச் சூடானால் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளும். அதே நீள அலுமினியச் சட்டம் 0.7 மில்லிமீட்டர்தான் நீளும். காட்பாடியில் மே மாதக் காலையில் பொருத்தி, மத்தியானம் வெளியே நிறுத்தினால் மூடிய கேபினுக்குள் அந்த 30 டிகிரி சுலபமாக ஏறிவிடும். துளை இறுக்கமாக இருந்தால் பேனல் உப்பும், இல்லையென்றால் ஸ்க்ரூ ஓரத்தில் விரிசல் விடும். நடுத் துளையை மட்டும் சரியளவில் விட்டு, மற்றதை நீளவாக்கில் உருண்டை அரத்தால் ராவி, மேலே அகல வாஷர் போடுங்கள். துளை போட, படிப்படியாக அகலமாகும் கூம்பு வடிவ ஸ்டெப் பிட்தான் நல்லது. சாதா டிரில் பிட் பிளாஸ்டிக்கைக் கடித்து இழுக்கும்.

ஃபைபர் கிளாஸ் அவ்வளவு விரியாது. அதில் துளை மூன்று நான்கு மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் அடைத்துப் புதிதாகப் போடுவதே மேல். பழைய துளையை இரு முகத்திலும் சரிவாகத் தேய்த்து, பஞ்சுத்தூள் கலந்த எபாக்சியால் நிரப்பி, பின்னால் ஒரு அடுக்கு கண்ணாடித் துணி ஒட்டுங்கள். வெறும் பட்டி மட்டும் வைத்தால் ஸ்க்ரூவை இறுக்கும்போது பொடியாக உதிரும். தேய்க்கும்போது மாஸ்க் அவசியம். புது இடத்தைக் குறிக்க, ஓஎச்பி ஷீட் மாதிரி தடித்த, ஊடுருவித் தெரியும் பிளாஸ்டிக் ஷீட் ஒன்றின் ஒரு ஓரத்தை மட்டும் சட்டத்தில் டேப்பால் ஒட்டி, நட்பிளேட்டின் மையத்தை அதில் குறியுங்கள். ஷீட்டை மடக்கி, பேனலை வைத்து, மறுபடி ஷீட்டை மேலே போட்டால் இடம் அப்படியே கிடைக்கும்.

நட்பிளேட்டை நகர்த்துவதை நான் கடைசியில்தான் வைப்பேன். ரிவெட் துளையின் மையம் தகட்டின் ஓரத்திலிருந்து ரிவெட் விட்டத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளியிருக்க வேண்டும். பழைய துளைக்குப் பக்கத்திலேயே புதுத் துளை விழுந்தால் தகடு வலுவிழக்கும். பேனல் அழகுக்கு, சட்டம் பறப்பதற்கு. பேனலுக்காகச் சட்டத்தைக் குதறாதீர்கள். வேறு வழியே இல்லையென்றால், ரிவெட் இடைவெளி ஒத்துப்போகிறதா என்று பார்த்து, கொஞ்சம் அசைந்து கொடுக்கும் மிதவை நட்பிளேட் போடலாம்.

அப்புறம், ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று பேனலுக்குத் தோல் போர்த்துகிறவர்கள் துளை வேலை முழுக்க முடிந்த பிறகே அதை ஒட்டுங்கள். துளை வரும் இடத்தில் தோலைத் துளை போடும் பஞ்ச் கருவியால் வெட்டி எடுங்கள். டிரில் பட்டால் தோல் பிட்டில் சுருட்டிக்கொள்ளும்.