நேரலைக்கு எடுக்க வேண்டியது இப்படிப்பட்ட நாடகம்தான்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் நேரலைக்கு எந்த இசை நாடகத்தை எடுக்கலாம் என்று கேட்டால், 2018 ஏப்ரல் 1, ஈஸ்டர் அன்று வந்த ‘ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்’ நாடகத்தைத்தான் காட்டுவேன். வசனம் பேசி இழுக்கும் வேலையே இல்லை. முழுக்க முழுக்கப் பாட்டு. 2013-இல் ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ நேரலையில் பார்வையாளர்களே கிடையாது. ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் விழுந்த அந்த மௌனம், பாடியவர்களுக்காக என்னை வருந்த வைத்தது. ‘சூப்பர்ஸ்டார்’ நடந்த நியூயார்க்கின் புரூக்ளினிலோ கூட்டம் மேடையை ஒட்டி நின்று ஆர்ப்பரித்தது. அந்தச் சத்தமே பாதி இசை. யூதாஸாக வந்த பிராண்டன் விக்டர் டிக்சன் பின்னியெடுத்துவிட்டார்! நடுநடுவே விளம்பரம், சரி, பொறுத்துக்கொண்டேன். கடைசியில் பின்சுவர் பிளந்து வழிவிட, இயேசுவாக வந்த பாடகர் ஜான் லெஜண்ட் தொங்கிய சிலுவை மெல்ல மெல்லப் பின்னால் போய் வெளிச்சத்தில் கரைந்தது. எனக்கு டிவியை அணைக்கக் கை வரவில்லை.