பில்லில் புது தெர்மோஸ்டாட், காருக்குள் வெறும் கூடு: மலையகத்தில் ஐரோப்பியக் கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் ஜேர்மன், பிரெஞ்சுக் கார் வைத்திருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். ஐரோப்பியக் கார் ஸ்பெஷலிஸ்ட் என்று போர்ட் மாட்டிய ஒரு கராஜில் எங்கள் காருக்கு 168,000 ரூபா வாங்கிக்கொண்டு, பில்லில் எழுதிய பாகங்களில் ஒன்றைக்கூடப் போடாமல் அனுப்பியிருக்கிறார்கள். போடாதது மட்டுமில்லை, உள்ளே இருந்ததையும் கழற்றி எடுத்திருக்கிறார்கள். பிரேக் ஒயில் மாற்றியதாகச் சொன்னதும் பொய். பணம் போனதைக்கூட ஒரு பக்கம் வைக்கலாம். அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு இறம்பொடையில் இறங்கும்போது பிரேக் பெடல் பிடிமானமே இல்லாமல் உள்ளே போனதே, அதை என்னால் விட முடியவில்லை. முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் கராஜின் பெயரையும் ஊரையும் எழுதவில்லை. என்ன செய்தார்கள் என்பதை முழுதாக எழுதுகிறேன், ஏனென்றால் இதே வேலையை வேறு இடங்களிலும் செய்யலாம்.

கார் எந்தக் கம்பனி என்பது இங்கே தேவையில்லை, காரில் குற்றமில்லை. ஒரு லீற்றர், மூன்று சிலிண்டர், டர்போ, ஏழு கியர் இரட்டைக் கிளச். எஞ்சின் கொள்ளளவை வைத்து வரி போடுகிற நாட்டில் இந்த மாதிரிச் சின்ன டர்போ கார்கள் ஏன் இவ்வளவு வந்தன என்று உங்களுக்குத் தெரியும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், சொந்தப் பாவனைக்கான கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022-ல் ரூபா விழுந்ததில் ஸ்பெயார் பார்ட்ஸ் விலை கைக்கெட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. இருக்கிற காரைப் பார்த்துப் பார்த்து ஓட்டுவதைத் தவிர யாருக்கும் வேறு வழியிருக்கவில்லை. ஏஜென்ட் சேர்விஸுக்குக் கொழும்புக்கு இறங்க வேண்டும், வழியில் நின்றால் தூக்கிக்கொண்டு போகிற செலவே ஒரு மாதச் சம்பளம். அப்படியான இடத்தில் பக்கத்து டவுனிலேயே ஒருவர் கம்ப்யூட்டர் ஸ்கேனோடு கராஜ் போட்டால் சனம் போகத்தான் செய்யும்.

ஏற்றத்தில் கூலன்ட் குறைவு என்று லைட் காட்டியது, பெட்டியைப் பார்த்தால் அளவு இறங்கியிருந்தது. கொண்டுபோனோம். "தம்பி, வோட்டர் பம்ப் லீக். இந்தக் கார்ல பம்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த மாதிரி ஒரே செட், முழுசாத்தான் மாத்தணும். ஜெனுயினே கொழும்புல இருந்து எடுத்துத் தர்றேன்" என்றார். தெர்மோஸ்டாட் என்பது எஞ்சின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் மூடி வைக்கிற வால்வு. அவர் சொன்னதில் தொழில்நுட்பப் பிழை எதுவும் இல்லை, இந்த வகை எஞ்சின்கள் பலவற்றில் பம்பும் தெர்மோஸ்டாட்டும் ஒரு பிளாஸ்டிக் கூட்டோடு சேர்ந்துதான் வரும், சிலவற்றில் ஒரே கூட்டுக்குள் இரண்டு தெர்மோஸ்டாட்கூட இருக்கும். விஷயம் தெரிந்த ஆள்தான். தெரிந்துகொண்டே ஏமாற்றியிருக்கிறார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. பில்லில் பம்ப் செட், கூலன்ட், பிரேக் ஒயில் முழுதாக மாற்றியது, கூலி என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். பழைய பம்பைக் கேட்டதற்கு, பையன் குப்பையோடு போட்டுவிட்டான் என்றார்.

லீக் நின்றது. ஆனால் காலையில் நுவரெலியாக் குளிரில் ஹீட்டரைப் போட்டால் வெறும் காற்றுதான் வந்தது. வழக்கமாக நடுவில் 90-ல் போய் நிற்கிற வெப்பமானி முள் பாதிக்கும் கீழேயே கிடந்தது, இறக்கத்தில் இன்னும் கீழே போனது. லீற்றருக்குப் 15 கிலோமீற்றர் ஓடிய கார் 11-க்கு வந்தது. அப்புறம் எஞ்சின் லைட் எரிந்தது. திரும்பக் கொண்டுபோனால் ஸ்கேனரைப் போட்டு, கார் பதிந்து வைத்திருந்த பிழைக் கோட்டை அழித்துவிட்டு, "சென்சர் குழப்பம், இனி வராது" என்று காசும் வாங்காமல் அனுப்பினார். மறுபடி வந்தது, மறுபடி அழித்தார். கியர் மாறும்போது இலேசாக உதறுகிறது என்று சொன்னதும் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு, கியர் பெட்டியைக் கட்டுப்படுத்துகிற மெக்கட்ரானிக் போய்விட்டது, ஆறரை இலட்சம் ஆகும், முற்பணம் மூன்று இலட்சம் கட்டினால் ஓர்டர் போடலாம் என்றார்.

இந்த மெக்கட்ரானிக் பயம் சும்மா வந்ததில்லை. வொக்ஸ்வாகன் குழுமத்தின் டிகியூ200 என்கிற உலர் கிளச் ஏழு கியர் பெட்டியில் உண்மையிலேயே பிரச்சினை இருந்தது. 2013-ல் சீனாவில் மட்டும் 384,181 கார்களைத் திருப்பி அழைத்தார்கள். அதே வருடக் கடைசியில் உலகம் முழுக்க சுமார் 16 இலட்சம் கார்களில் கியர் பெட்டியின் சின்தெட்டிக் ஒயிலை எடுத்துவிட்டு மினரல் ஒயில் ஊற்றிக் கொடுத்தார்கள். அந்தச் செய்தி அரைகுறையாக எல்லோர் காதிலும் விழுந்திருப்பதால், கியர் உதறினாலே "மெக்கட்ரானிக்" என்று சொல்லிப் பெரிய தொகை கேட்பது சுலபமாகிவிட்டது. எங்கள் கார் அந்தத் திருப்பியழைப்புக்குப் பிறகு செய்தது. முற்பணம் கட்டவில்லை.

அந்த வாரக் கடைசியில்தான் கம்பளைக்கு இறங்கினோம். ஏ5 வீதி தெரிந்தவர்களுக்கு இறம்பொடை இறக்கம் எப்படியென்று சொல்லத் தேவையில்லை. கியரை மெனுவலில் குறைத்து எஞ்சின் பிடிப்பில்தான் இறங்கினேன், முன்னால் லொறி, அடிக்கடி பிரேக் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு வளைவில் மிதித்தால் பெடல் பாதி தூரம் எதிர்ப்பே இல்லாமல் போனது. இரண்டு தரம் அழுத்தி அழுத்தி மிதித்து, ஹேண்ட் பிரேக்கையும் சேர்த்து, ஒரு தேநீர்க் கடை முன்னால் நிறுத்தினேன். அம்மா ஒன்றும் பேசவில்லை, பிள்ளையின் கையைப் பிடித்தபடியே இருந்தார். 2023 ஜனவரியில் ரதல்ல குறுக்கு வீதியில் ஏழு பேர் போனார்கள். 2025 மே மாதம் கொத்மலைப் பக்கம் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். இந்த வீதிகளில் ஓடுகிற வாகனத்தின் பிரேக்கில் பொய் சொல்ல ஒரு மனிதனுக்கு எப்படி மனம் வருகிறது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

சூடு ஆறின பிறகு பெடல் பழையபடி வந்தது. மெதுவாக ஓட்டிக்கொண்டு பேராதனைப் பக்கம் ஒரு சின்னக் கராஜுக்குப் போனோம், மச்சானின் கூட்டாளி சொன்ன இடம். பெரிய போர்ட் எல்லாம் இல்லை. அங்கிருந்த மெக்கானிக் பாஸ் முதலில் காரைத் தொடவில்லை, ஸ்கேன் பண்ணி அச்சடித்துக் கையில் தந்தார். பி0128 என்று ஒரு கோட், அதாவது கூலன்ட் இருக்க வேண்டிய வெப்பத்துக்கு வரவில்லை. ஓபிடியில், அதாவது காருக்குள்ளேயே இருக்கிற பிழை கண்டறியும் அமைப்பில், கார் தன்னைத் தானே பரிசோதிக்கிற சோதனைகள் பல "முடியவில்லை" என்று காட்டின. யாரோ அண்மையில் கோட் அழித்திருக்கிறார்கள், அழித்தால் இவை எல்லாம் மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டும் என்றார். இதைப் பார்க்க விலை கூடிய கருவி தேவையில்லை, சாதாரண ஓபிடி ரீடரிலேயே தெரியும்.

அப்புறம் எங்களைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே பம்ப் கூட்டைக் கழற்றினார். உள்ளே தெர்மோஸ்டாட் இல்லை, வெறும் கூடு. வெளியே லீக் இருந்த மூட்டைச் சுற்றிச் சிலிக்கன் பூசியிருந்தது. ஏன் லீக் நின்றது என்று அப்போதுதான் விளங்கியது. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் கூலன்ட் எந்நேரமும் ரேடியேட்டர் வழியாகவே சுற்றும், எஞ்சின் சரியான சூட்டுக்கு வராது, சூடு வராவிட்டால் அழுத்தமும் ஏறாது, ஆகவே சிலிக்கன் பூச்சு கொஞ்ச நாளைக்குத் தாங்கும். ஏற்றத்தில் சூடாகிற பழைய லொறிகளில் இந்த வால்வைக் கழற்றி எறிவது நம்முடைய பக்கத்தில் பழைய வழக்கம்தான். இந்த எஞ்சினில் அதைச் செய்தால், கம்ப்யூட்டர் இன்னும் குளிர் விடவில்லை என்று நினைத்துப் பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கும், மிஞ்சின பெற்றோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு எஞ்சின் ஒயிலில் இறங்கும், அதே ஒயிலில்தான் டர்போவும் சுற்றுகிறது. 1,868 மீற்றர் உயரத்தில், நுவரெலியாக் குளிரில், இது இன்னும் மோசம். டீசல் காரென்றால் புகைக் கரியைப் பிடிக்கிற டிபிஎஃப் வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளத் தேவையான சூடு கிடைக்காமல் அடைத்துக்கொள்ளும்.

பிளாஸ்டிக் பாகங்களின் மேல் கடிகார முகம் மாதிரி சின்னதாக ஒரு வட்டம் அச்சாகியிருக்கும், பார்த்திருக்கிறீர்களா? நடுவில் வருடம், அம்பு மாதத்தைக் காட்டும், வார்ப்பு எப்போது செய்தது என்று அதில் தெரியும். "புதுசு" என்று பில் போட்ட அந்தக் கூட்டில் 16 என்றிருந்தது. காரோடு பிறந்த பம்ப். படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

பிரேக்குக்கு வந்தார். பிரேக் ஒயில் பெட்டியில் பிளேன்ரீ நிறத்தில் இருந்தது. டெஸ்டரை விட்டால் நீர் அளவு சிவப்பு லைட்டில் நின்றது. நான்கு சில்லிலும் பழைய ஒயிலை வெளியே விடுகிற பிளீடர் நிப்பிளைக் காட்டினார், ரப்பர் மூடியின் மேல் காய்ந்த சேறு அப்படியே, ஸ்பானர் பட்ட தடமே இல்லை. அதைத் திறக்காமல் ஒயில் மாற்ற முடியாது. பிரேக் ஒயில் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும் பொருள், அதனால்தான் பெரும்பாலான ஐரோப்பியக் கம்பனிகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். டொட் 4 தரம் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்கக்கூடாது. நான்கு வீதத்துக்குக் கிட்ட நீர் சேர்ந்துவிட்டால் அந்தத் தரம் கேட்பது 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில், சில்லில் பிரேக் பேட்டை அழுத்துகிற காலிப்பரின் சூட்டில் அது கொதித்து ஆவியாகிறது. ஆவியை அமுக்கலாம், திரவத்தை அமுக்க முடியாது, அதனால் நம்முடைய மிதி ஆவியை அமுக்குவதிலேயே போய்விடுகிறது. மழையும் மூடுபனியுமான நம்முடைய பக்கத்தில், இவ்வளவு இறக்கங்களில், இந்த ஒன்றை யாரும் விட்டுவிடாதீர்கள்.

மெக்கட்ரானிக்? அதில் ஒரு கோட்டும் இல்லை. தெர்மோஸ்டாட் போட்டு எஞ்சின் சரியான சூட்டுக்கு வந்த பிறகு ஸ்கேனரால் கிளச் அடாப்டேஷன், அதாவது கிளச் பிடிக்கிற இடத்தைக் கம்ப்யூட்டருக்கு மறுபடி பழக்குவது, மட்டும் ஓட்டினார், உதறல் போய்விட்டது. ஆறரை இலட்சம் கேட்ட வேலை.

பில்லோடும் படங்களோடும் பழைய இடத்துக்குப் போனேன். முதலில் பையன்மேல் போட்டார், பிறகு கொழும்புக் கடைக்காரன் பழையதைக் கொடுத்துவிட்டான் என்றார், கடைசியில் "இருபதாயிரம் தர்றேன், விட்டுருங்க தம்பி" என்றார். வாங்கவில்லை.

இனி உங்கள் காருக்கு. வேலைக்கு முன்னும் பின்னும் ஸ்கேன் அறிக்கை அச்சடித்துத் தரச் சொல்லுங்கள், லைட்டை அணைத்ததை ரிப்பேர் என்று ஏற்றுக்கொள்ளாதீர்கள். பழைய பாகம் உங்களுடையது, புதுப் பெட்டிக்குள் போட்டுத் தரச் சொல்லுங்கள், பெட்டியிலிருக்கிற பாக இலக்கம் பில்லிலும் இருக்க வேண்டும், கொழும்பு பஞ்சிகாவத்தைப் பார்ட்ஸ் கடைகளில் எடுத்த பாவித்த பாகமென்றால் பாவித்தது என்று எழுதட்டும், அதில் தப்பில்லை. பிரேக் ஒயில் மாற்றினால் நான்கு மூடியையும் நீங்களே குனிந்து பாருங்கள். எலக்ட்ரிக் ஹேண்ட் பிரேக் உள்ள கார்களில் பின் பிரேக் பேட் மாற்ற ஸ்கேனரால் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க வேண்டும், கிளாம்ப் போட்டு நெரிக்கிற இடத்தில் காரை விடாதீர்கள், மோட்டார் உடையும். எஞ்சின் ஒயிலில் 5டபிள்யூ30 என்பது தடிப்பு மட்டும்தான். வொக்ஸ்வாகன் குழுமத்துக்கு 504 00, 507 00, பிஎம்டபிள்யூவுக்கு லோங்லைஃப் 04, பென்ஸுக்கு 229.51 என்று காரின் கையேடு எந்த அங்கீகாரத்தைக் கேட்கிறதோ அது கேனின் முதுகில் எழுதியிருக்க வேண்டும். கூலன்ட்டை நிறம் பார்த்து ஊற்ற விடாதீர்கள். கூலன்ட்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம், எஞ்சின் ஓடுவதே 90-ல், நுவரெலியா உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

நல்ல சுயாதீனக் கராஜ்கள் மலையகத்தில் இருக்கின்றன, பேராதனை பாஸ் மாதிரி கையைக் கறுப்பாக்கிக்கொண்டு நேர்மையாக வேலை செய்கிறவர்களைத்தான் இந்த ஆட்கள் கெடுக்கிறார்கள். அண்மையில் எங்காவது "பம்ப் மாற்றி" வந்திருந்து, ஹீட்டர் சூடாகாமல், முள் நடுவுக்கு வராமல் இருந்தால் உடனே வேறொருவரிடம் காட்டுங்கள். ஏமாந்திருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள், 2003-ன் 9-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சேவை பற்றியும் முறைப்பாடு செய்யலாம். தாமதிக்காமல் எழுத்தில் கொடுங்கள், பில்லின் பிரதி, ஸ்கேன் அறிக்கை, படங்கள், இரண்டாவது கராஜின் கடிதம் எல்லாவற்றையும் சேர்த்து. நான் அப்படித்தான் கொடுத்திருக்கிறேன், இரண்டு தரப்பையும் வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. முடிவு வந்ததும் எழுதுகிறேன்.