பங்குச் சந்தை நஷ்டத்தைக் காட்ட வேண்டாம் என்று சொல்லும் வரி அலுவலகங்கள்: சேலத்தில் எனக்கு நடந்தது

சேலம் ஐந்து ரோடு பகுதியில், ‘ஆடிட்டர்’ என்று பெயர்ப் பலகை வைத்து வருமான வரி ரிட்டன் தாக்கல் செய்து தரும் ஓர் அலுவலகம், பங்கு விற்பனையில் எனக்கு ஏற்பட்ட 1,80,000 ரூபாய் நஷ்டத்தை ரிட்டனில் சேர்க்காமலே விட்டுவிட்டது. அதனால் 2024-25 நிதியாண்டுக்கு 37,440 ரூபாய் கூடுதலாக வரி கட்டியிருக்கிறேன். அலுவலகத்தின் பெயரை எழுதுவது இந்தப் பதிவின் நோக்கமன்று. அங்கே எனக்குச் சொல்லப்பட்ட அதே காரணத்தைச் சொல்லி, வேறு சில இடங்களிலும் மாதச் சம்பளக்காரர்களின் நஷ்டக் கணக்கை ஒதுக்கிவிடுகிறார்கள் என்று உடன் பணியாற்றுபவர்கள் வழியாகத் தெரிய வந்ததால்தான் எழுதுகிறேன்.

நான் ஒரு தனியார் கல்லூரியில் பணியாற்றுகிறேன். 2023-24 நிதியாண்டில், வாங்கி ஓராண்டு நிறையாத சில பங்குகளை விற்றேன். 5,92,000 ரூபாய்க்கு வாங்கியவை 4,12,000 ரூபாய்க்குத்தான் போயின. 2024 ஜூலையில் அந்த அலுவலகத்துக்குச் சென்றபோது படிவம் 16 (சம்பளத்துக்கும் அதில் பிடித்த வரிக்குமான சான்று), வங்கி வட்டிச் சான்று ஆகியவற்றுடன், புரோக்கர் நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுத்த வரி லாப நஷ்ட அறிக்கையையும் கிளிப் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு பங்கையும் வாங்கிய தேதி, விற்ற தேதி, விலை, கட்டணம் எல்லாம் வரிசையாக இருக்கும் அறிக்கை அது. மேசையில் இருந்த ஊழியர் கிளிப்பைக் கழற்றி, அந்தத் தாள்களை மட்டும் தனியே உருவி என்னிடமே திருப்பித் தந்தார். “நஷ்டம்தானுங்களே மேடம், லாபம் வந்தாத்தான் காட்டணும். நஷ்டத்தக் காட்டுனா தேவையில்லாம நோட்டீஸ் வரும்” என்றார். அடுத்த ஆண்டுகளில் கழித்துக்கொள்ளலாமாமே என்று கேட்டதற்கு, “அதெல்லாம் சார் பாத்துக்குவாருங்க” என்று பதில் வந்தது. மறுநாள் ஓடிபி கேட்டுத் தொலைபேசி வந்தது. அதன்பின் ஒரு பக்க ஒப்புகைச் சீட்டும் 1,500 ரூபாய்க்கு ரசீதும் தந்தார்கள். முழு ரிட்டனை ஒருபோதும் காட்டவில்லை.

அந்த ஊழியர் சொன்னது முற்றிலும் தவறு. குறுகிய கால மூலதன நஷ்டத்தை, அதாவது என்னுடையதைப் போல வாங்கி ஓராண்டு நிறையாத பங்குகளை விற்றதில் வந்த நஷ்டத்தை, குறுகிய கால லாபத்திலும் நீண்ட கால லாபத்திலும் கழித்துக்கொள்ளலாம். நீண்ட கால நஷ்டத்தை நீண்ட கால லாபத்தில் மட்டுமே கழிக்க முடியும். சம்பளத்தில் இரண்டையும் கழிக்க இயலாது. அந்த ஆண்டில் கழிக்க லாபம் இல்லையென்றால், எட்டு மதிப்பீட்டு ஆண்டுகள் (நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டே அதன் மதிப்பீட்டு ஆண்டு) வரை அந்த நஷ்டத்தை எடுத்துச் செல்லலாம். ஆனால் அந்த நிதியாண்டுக்குப் பொருந்தும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஆம் பிரிவு இதற்கு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது: நஷ்டத்தைக் காட்டும் ரிட்டன் கெடு தேதிக்குள் தாக்கலாகியிருக்க வேண்டும். வரி கட்ட வேண்டியவர் தாமதமாக வந்தால் அபராதமும் வட்டியும் கட்டிக் கணக்கை முடித்துக்கொள்ள முடியும். நஷ்டத்தை எடுத்துச் செல்ல வேண்டியவருக்கு அப்படிக் கட்டணம் செலுத்தி மீளும் வழி எதுவும் கிடையாது. ஆகவே நஷ்டம் உள்ளவர்தான் லாபம் உள்ளவரைவிட அதிகக் கவனத்தோடு தாக்கல் செய்ய வேண்டும்.

2024-25 நிதியாண்டில் வீட்டுத் தேவைக்காக, வாங்கி ஓராண்டு ஆகாத பங்குச் சந்தைப் பரஸ்பர நிதிகளை விற்றதில் 2,10,000 ரூபாய் லாபம் கிடைத்தது. 2024 ஜூலை 23 முதல் இத்தகைய குறுகிய கால லாபத்துக்கான வரி 15 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக உயர்ந்துவிட்டது. பழைய நஷ்டத்தைக் கழித்தால் 30,000 ரூபாய்க்கு மட்டுமே வரி வரும் என்ற கணக்கோடு, 2025 ஆகஸ்டில் அஸ்தம்பட்டியில் உள்ள ஒரு பட்டயக் கணக்காளரிடம் போனேன். அவர் என் கணக்கில் உள்நுழைந்து, முந்தைய ஆண்டு ரிட்டனின் முழுப் பிரதியைத் தரவிறக்கிக் காட்டினார். அது ஐடிஆர்-1, சம்பளம், வட்டி போன்ற எளிய வருமானம் உள்ளவர்களுக்கான ரிட்டன் படிவம். அந்த ஆண்டின் ஐடிஆர்-1 படிவத்தில் மூலதன லாப நஷ்டத்தை எழுத இடமே கிடையாது. என்னுடையது ஐடிஆர்-2 படிவத்தில் போயிருக்க வேண்டும். அதில் மூலதன லாப அட்டவணையிலும், எடுத்துச் செல்லும் நஷ்டங்களுக்கான சிஎஃப்எல் அட்டவணையிலும் 1,80,000 என்ற எண் இருந்திருக்க வேண்டும்.

இதைவிட வருத்தம் தந்தது வேறொன்று. நாம் பங்கு விற்கும் விவரம் ஏஐஎஸ் எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கை வழியாக வருமான வரித் துறைக்குத் தானாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதில் என் பெயரில் 4,12,000 ரூபாய் விற்பனை பதிவாகியிருந்தது; ரிட்டனிலோ ஒரு பங்குகூட விற்காதவள் போல இருந்தது. நோட்டீஸ் வரும் என்று சொல்லித்தான் தாள்களை உருவினார்கள். உருவியதால்தான் துறையிலிருந்து செய்தியும் வந்திருந்தது. 2024 டிசம்பரில், ஏஐஎஸ் விவரங்களும் ரிட்டனும் பொருந்தாதவர்களுக்குத் துறை மின்னஞ்சல் அனுப்பியது. எனக்கான மின்னஞ்சல் என்னிடம் வரவில்லை. என் சுயவிவரப் பக்கத்தில் அந்த அலுவலகம் தன் மின்னஞ்சல் முகவரியைப் பதிந்து வைத்திருந்தது. அப்போது திருத்திய ரிட்டனுக்கான கெடு இன்னும் முடியவில்லை. வழக்கமான டிசம்பர் 31 அந்த ஆண்டு 2025 ஜனவரி 15 வரை நீட்டிக்கப்பட்டும் இருந்தது. அந்த மின்னஞ்சலை எனக்கு அனுப்பியிருந்தால், அல்லது ஒரு வார்த்தை போனில் சொல்லியிருந்தால், ஐடிஆர்-2 படிவத்தில் திருத்தித் தாக்கல் செய்திருக்கலாம்.

நேரில் போய்க் கேட்டேன். அலுவலகத்தின் உரிமையாளர் வருத்தம் தெரிவிக்கவில்லை; ‘ஐடிஆர்-யு போட்டுச் சரி செய்துவிடலாம், 6,000 ரூபாய் ஆகும்’ என்றார். நல்லவேளையாக, இதுபற்றிப் பட்டயக் கணக்காளர் முன்பே விளக்கியிருந்தார். ஐடிஆர்-யு என்னும் புதுப்பித்த ரிட்டன், விடுபட்ட வருமானத்தைக் காட்டிக் கூடுதல் வரி கட்டுவதற்காக ஏற்படுத்தப்பட்டது. நஷ்டத்தைப் புகுத்தவோ, வரியைக் குறைக்கவோ, ரீஃபண்டை உயர்த்தவோ அதைப் பயன்படுத்த முடியாது. நடக்காத வேலைக்கு, தாங்களே கெடுத்த கணக்குக்கு, இன்னொரு முறை பணம் கேட்டார்கள். அந்த உரிமையாளருக்குப் பட்டயக் கணக்காளர் உறுப்பினர் எண்ணும் இல்லை என்பதை அன்று கேட்டபோதுதான் ஒப்புக்கொண்டார்.

எஞ்சியிருக்கும் வழி அதே 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 119(2)(b) பிரிவின் கீழ், தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளக் கோரும் மனு. 2024 அக்டோபர் 1இல் நேரடி வரிகள் வாரியம் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, ஒரு கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை முதன்மை ஆணையர் முடிவு செய்யலாம். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். உண்மையான இடர்ப்பாட்டை மெய்ப்பிக்க வேண்டியது மனுதாரரின் பொறுப்பு. புரோக்கரின் அறிக்கை, ஒப்பந்தச் சீட்டுகள், வங்கிப் பதிவுகள், அந்த அலுவலகத்தின் 1,500 ரூபாய் ரசீது ஆகியவற்றை இணைத்து மனு அனுப்பியிருக்கிறேன். தாள்களை மட்டுமல்லாமல் ரசீதையும் பத்திரமாக வைத்திருந்தது இங்கே உதவியது. சேவைக் குறைபாட்டுக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் அளித்துள்ளேன்; ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் இல்லை, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அளிக்க வேண்டும்.

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் கணக்கு எழுதும் என் சித்தப்பா மகனுக்கும் இதே அலுவலகம்தான் தாக்கல் செய்து வந்தது. தம்பி ஆப்ஷன் வணிகமும் (பங்கைக் குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தங்களை வாங்கி விற்பது) அன்றாட வணிகமும் (ஒரே நாளில் பங்கை வாங்கி விற்பது) செய்தவன். இரண்டிலும் வந்த நஷ்டத்தைக் கூட்டி, குறுகிய கால மூலதன நஷ்டம் என்று ஐடிஆர்-2 படிவத்தில் எழுதிவிட்டார்கள். அவை மூலதனக் கணக்கில் வரவே மாட்டா. இரண்டும் தொழில் கணக்கு, ஐடிஆர்-3 படிவம். அன்றாட வணிகம் ஊக வணிகமாகக் கருதப்படுவதால் அதன் நஷ்டத்தை ஊக வணிக லாபத்தில் மட்டுமே, நான்கு ஆண்டுகள் வரை கழிக்கலாம். ஆப்ஷன் நஷ்டம் ஊக வணிகமல்லாத தொழில் நஷ்டம். அதே ஆண்டில் வாடகை, வட்டி வருமானத்தில் கழிக்கலாம், சம்பளத்தில் கழிக்க முடியாது, மிச்சத்தை எட்டு ஆண்டுகள் வரை தொழில் லாபத்தில் கழிக்கலாம். என் கதையைக் கேட்டதும் அவன் தன் ரிட்டனை எடுத்துப் பார்த்தான். அவனுடைய மூல ரிட்டன் கெடுவுக்குள் போயிருந்தது, திருத்தும் காலமும் மீதமிருந்தது. எனவே திருத்திய ரிட்டன் தாக்கல் செய்ய முடிந்தது.

சேலத்திலோ ஏற்காட்டிலோ யாரிடம் தாக்கல் செய்தாலும், ஓடிபி சொல்லும் முன் முழுப் படிவத்தின் வரைவைக் கேட்டு வாங்குங்கள். ஒப்புகைச் சீட்டு ஒரு பக்கம்தான், அதில் நஷ்ட அட்டவணை தெரியாது. சுயவிவரத்தில் உங்கள் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும்தான் இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பதிவேற்றிய 30 நாட்களுக்குள் சரிபார்ப்பும் முடிந்ததா என்று பாருங்கள். அதற்குப் பின் சரிபார்த்தால் அந்த நாளே தாக்கல் செய்த நாளாகக் கொள்ளப்படும், கெடு தாண்டியிருந்தால் நஷ்டத்தை எடுத்துச் செல்லும் உரிமையும் போய்விடும். ரிட்டனைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்து, அதில் பங்கு நஷ்டம் விடுபட்டிருக்குமோ என்ற ஐயம் உள்ளவர்கள், திருத்தும் கெடு (2024-25 நிதியாண்டுக்கு அது 2025 டிசம்பர் 31) முடியும் முன் வருமான வரித் தளத்தில் உள்நுழைந்து, தாக்கலான படிவத்தைத் தரவிறக்கி, சிஎஃப்எல் அட்டவணை இருக்கும் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.