நாயோடு இரண்டு இரவு: ஓட்டலா, கூடாரமா, வாடகை வீடா?

நாயைக் காப்பகத்தில் விட்டுவிட்டுப் போவதா, கூட்டிக்கொண்டு போவதா என்ற வாக்குவாதம் எங்கள் வீட்டில் முடிந்து வெகுநாளாகிறது. கூட்டிக்கொண்டுதான் போகிறோம். குறைந்த செலவில் எங்கே தங்குவது என்பதில்தான் ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

ஓட்டல் வாடகை பார்வைக்கு நியாயமாகவே தெரியும். 'செல்லப்பிராணிகளுக்கு அனுமதி உண்டு' என்ற வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தொலைபேசியில் கேட்டுவிட வேண்டும். நாய்க்கான கட்டணம் ஒரே முறையா, ஒவ்வோர் இரவுக்குமா? எடை வரம்பு உண்டா? எல்லாவற்றுக்கும் மேலாக, நாயை அறையில் தனியாக விடலாமா? பல இடங்களில் கூடாது என்பார்கள். அப்படியானால் நீங்கள் சாப்பிடப் போகும்போது நாய் எங்கே இருக்கும்? காரில் இருக்கட்டும் என்ற எண்ணமே வேண்டாம். வெளியே 24 டிகிரி செல்சியஸ்தான் என்றாலும், வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் சுமார் 34 டிகிரியும், அரை மணி நேரத்தில் 43 டிகிரியும் ஆகிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய பயனில்லை. ஆகவே சாப்பாட்டை அறைக்கே வரவழைப்பீர்கள், பில் ஏறும். ஒருமுறை எங்களுக்கு லிஃப்ட்டை ஒட்டிய அறை கிடைத்தது. கதவு திறக்கும் ஒவ்வொரு 'டிங்' சத்தத்துக்கும் எங்கள் நாய் எழுந்து குரைத்தது. இரவு இரண்டு மணிக்கு அதைத் தடவிக்கொடுத்தபடி, பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டிவிடுவாரோ என்று பயந்து உட்கார்ந்திருந்தேன்.

கூடாரம்தான் எல்லாவற்றிலும் மலிவு, அதுவும் சொந்தமாக வைத்திருந்தால். ஆனால் துணிச்சுவருக்கு அப்பால் சருகு அசைந்தாலும் நாய்க்குத் தூக்கம் போய்விடும், உங்களுக்கும்தான். மழை பெய்தால் ஈர நாயோடு ஒரே கூரையின் கீழ் படுக்க வேண்டும். அந்த வாடையைப் பற்றி விவரிக்கப் போவதில்லை.

என் ஓட்டு, வேலி போட்ட முற்றமுள்ள வாடகை வீட்டுக்கு. நாய் அவிழ்ந்து திரியலாம், சமையலறை இருப்பதால் வெளிச்சாப்பாட்டுச் செலவும் மிச்சம். ஆனால் பல வீடுகளில் துப்புரவுக் கட்டணம் என்று ஒன்று வாங்குகிறார்கள். ஓர் இரவு தங்கினாலும் மூன்று இரவு தங்கினாலும் அது பெரும்பாலும் ஒரே தொகைதான். அதனால் ஓர் இரவுக்கு வீடு எடுப்பது வீண். இரண்டு மூன்று இரவுகளுக்குப் பிரித்துப் பார்த்தால்தான் கட்டுப்படியாகும். வார நாட்களில் போக முடிந்தால் இன்னும் குறையும். இரண்டு குடும்பமாகப் பகிர்ந்துகொண்டால் ஓட்டல் கிட்டவே வர முடியாது.

இடத்தைப் பொறுத்தவரை, கடற்கரையில் நாய்க்கு வெயில் ஏறுவதற்கு முன்பே குளியல் முடிந்துவிட வேண்டும். புறங்கையை மணலில் ஏழு விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. உப்புத் தண்ணீரைக் குடித்தால் வாந்தியும் பேதியும் வரும். நல்ல தண்ணீர் கையோடு இருக்கட்டும். ஏரி பார்க்க அமைதியாக இருக்கும், ஆனால் மேலே பச்சைப் படலம் மிதந்தால் இறங்கவே விடாதீர்கள். சில நீலப்பச்சைப் பாசிகளின் நஞ்சு சில மணி நேரத்திலேயே நாயைக் கொன்றுவிடும். காட்டுப்பாதை எங்களுக்குப் பிடித்தது. நடந்து திரும்பியதும் காதுமடல், விரலிடுக்கு, வாலடி என்று உண்ணி தேட வேண்டும், அவ்வளவுதான். பாதுகாக்கப்பட்ட காடுகள் பலவற்றில் நாய்க்கு அனுமதியில்லை என்பதை மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

தூரம் மூன்று மணி நேரத்துக்குள் இருந்தால் நல்லது. இரண்டு மணிக்கொரு முறை நிறுத்தியாக வேண்டும் என்பதால், ஐந்து மணி நேரப் பயணம் பகலையே தின்றுவிடும், பெட்ரோலையும்.

போய்ச் சேர்ந்ததும் பைகளை இறக்குவதற்கு முன், நாயைக் கயிற்றோடு வேலியோரமாக ஒரு சுற்று நடத்துங்கள். ஓட்டை இருந்தால் உங்களுக்கு முன்பே அது கண்டுபிடித்துவிடும்.